தலைமை தாமதமாக வந்து சேர்ந்த மனிதர்: சேர் பிராங்க் வொரெல்

தொடரைத் தோற்றுவிட்டு ஊர் திரும்பும் ஓர் அணியை, வென்ற நாட்டு மக்களே வீதியோரங்களில் திரண்டு நின்று வழியனுப்புவது கிரிக்கெட் வரலாற்றில் மிக அரிது. 1961 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு அப்படியொரு பிரியாவிடை கொடுத்தது. அந்த அணியின் தலைவர் பிராங்க் வொரெல். அப்போது அவருக்கு வயது 36. தலைமைப் பதவி அவரது கைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதும் டெஸ்ட் தொடரின் கிண்ணத்துக்கு அவரது பெயர்தான். கிரிக்கெட்டே உயிர் என்று திரியும் என் மாணவர்களிடம் அந்த வொரெல் யார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. பெரியவர்களிலும் பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் அவரது வாழ்க்கையில் நமது சமூகத்துக்குத் தேவையான ஒரு செய்தி இருக்கிறது.

வொரெல் 1924 ஆகஸ்ட் 1ஆம் திகதி பார்படோஸ் தீவில் பிறந்தார். 21 வயதிலேயே கிளைட் வோல்கொட்டுடன் சேர்ந்து, ட்ரினிடாட்டுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 574 ஓட்டங்களைப் பகிர்ந்தார். 1948இல் டெஸ்ட் அணிக்குள் வந்தார். 1950இல் இங்கிலாந்தின் ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் 261 ஓட்டங்கள் குவித்தார். நமது நாட்டுக்கும் அவர் வந்திருக்கிறார். 1951இல் பொதுநலவாய அணிக்காக, இன்று பி. சரவணமுத்து மைதானம் என்று நாம் அழைக்கும் கொழும்பு ஓவலில் இலங்கை அணிக்கு எதிராக 285 ஓட்டங்களைப் பெற்றார். விளையாட்டோடு நின்றுவிடாமல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டமும் பெற்றார்.

இத்தனை தகுதியிருந்தும் தலைமைப் பதவி அவரைத் தேடி வரவில்லை. அணியின் முதுகெலும்பாகக் கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். தலைவராக வெள்ளையரோ வெளிர்நிறத்தவரோதான் இருக்க வேண்டும் என்பது அன்றைய எழுதப்படாத சட்டம். 1948இல் ஜோர்ஜ் ஹெட்லி என்ற கறுப்பின மேதைக்கு ஒரேயொரு டெஸ்ட் போட்டியில் மட்டும் அந்த இடம் கிடைத்தது. உரிய ஊதியம் கேட்டதற்காகவும் வொரெல் கிரிக்கெட் சபையின் கசப்புக்கு ஆளானார். அதனால் 1948ஆம் ஆண்டின் இந்தியச் சுற்றுப்பயணத்தையே இழந்தார். கடைசியில் ட்ரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் தனது பத்திரிகையில் தொடர்ந்து குரல் கொடுத்தார். 1960இல் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் அணிக்கு வொரெல் தலைவரானார். ஒரு முழுத் தொடருக்கு நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினத் தலைவர் அவரே.

பதவி கிடைத்ததும் பழைய கணக்கைத் தீர்க்க அவர் முனையவில்லை. முந்தைய தலைவர் ஜெரி அலெக்சாண்டரே அவருக்கு உபதலைவராக நின்று, அந்தத் தொடரில் அணியின் துடுப்பாட்டச் சராசரியில் முதலிடம் பிடித்தார். பிரிஸ்பேனில் நடந்த முதல் போட்டி, டெஸ்ட் வரலாற்றிலேயே முதன்முறையாக ஓட்டங்கள் சமமாகி முடிந்தது. கடைசி விக்கெட்டை ரன் அவுட் மூலம் வீழ்த்தியவர் கயானாவைச் சேர்ந்த இந்திய வம்சாவளி வீரர் ஜோ சொலமன். ஆபிரிக்க, இந்திய, ஐரோப்பிய வேர்கள் கொண்டவர்களும், ஒருவர் மீது ஒருவர் பொறாமை கொண்ட தீவுகளைச் சேர்ந்தவர்களும் வொரெலின் கீழ் ஒரே அணியாக ஆடினார்கள். அதே தீவுகள் அரசியலில் உருவாக்கிய கூட்டாட்சி 1962இல் உடைந்துபோனது. அணி உடையவில்லை.

1962 மார்ச்சில் பார்படோஸில் நடந்த சம்பவத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சார்லி கிரிபித் வீசிய பந்து இந்திய அணித்தலைவர் நரி கொன்ட்ரக்டரின் தலையைத் தாக்கியது. மண்டையோடு உடைந்து உயிருக்குப் போராடிய அவருக்கு இரத்தம் தேவைப்பட்டபோது முன்வந்து கொடுத்தவர்களில் வொரெலும் ஒருவர். எதிரணியின் தலைவர் என்று அவர் பார்க்கவில்லை. கொன்ட்ரக்டர் உயிர் பிழைத்தார். அதன் நினைவாக இந்தியாவின் வங்காள கிரிக்கெட் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 3ஆம் திகதி வொரெலின் பெயரில் இரத்ததான முகாம் நடத்துகிறது. ஓர் உயிரைக் காப்பதன் பெறுமதியை மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அதைச் செயலில் காட்டிய எந்த மனிதரையும் மதிப்பது நமது கடமை.

1963இல் இங்கிலாந்தை 3-1 என வென்றதோடு, தலைமையைக் கெரி சோபர்ஸிடம் ஒப்படைக்க வழிவிட்டு ஓய்வு பெற்றார். தலைமை தாங்கிய 15 டெஸ்ட் போட்டிகளில் 9 வெற்றி, 3 தோல்வி. மொத்தம் 51 டெஸ்ட் போட்டிகளில் 3860 ஓட்டங்கள். ஜமைக்காவின் செனட் சபை உறுப்பினராகவும், பல்கலைக்கழக மாணவர் விடுதியின் பொறுப்பாளராகவும் பணியாற்றினார். 1964இல் சேர் பட்டம் பெற்றார். 1967 மார்ச் 13ஆம் திகதி இரத்தப் புற்றுநோயால் காலமானபோது அவருக்கு வயது 42 மட்டுமே. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்காக நினைவு ஆராதனை நடத்தப்பட்டது. ஒரு விளையாட்டு வீரருக்கு அங்கு அவ்வாறு நடந்தது அதுவே முதல் தடவை.

மூன்று ஆண்டுத் தலைமையில் இவ்வளவு செய்த மனிதரை, நிறத்தைக் காரணமாக்கி அத்தனை காலம் காக்க வைத்தார்கள். அந்த இழப்பு அவருக்கு மட்டுமல்ல, அந்த அணிக்கும்தான்.

நம்மிடம் நிறப் பாகுபாடு இல்லை என்று நாம் பெருமை கொள்கிறோம். தொழுகையின் ஸஃப்பில் உண்மையில் இல்லை. ஆனால் பள்ளிவாசல் நிர்வாக சபைத் தெரிவிலும், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் நிலைமை என்ன? வெள்ளம் வந்தால் வீடு வீடாக உணவுப் பொதி சுமப்பவன், இரத்ததான முகாமுக்கு ஆள் திரட்டுபவன், பிள்ளைகளுக்கு இலவசமாக மாலை வகுப்பு எடுப்பவன் எல்லா ஊர்களிலும் இருக்கிறான். செயலாளர் பதவிக்குப் பெயர் கேட்கப்படும்போது, அவன் இன்னாரின் மகன் இல்லை என்பதால் யாரும் அவனை முன்மொழிவதில்லை. வசதியும் குடும்பப் பெயரும் உள்ளவர்களே ஆண்டுக்கணக்கில் அந்தக் கதிரைகளில் இருக்கிறார்கள்.

வொரெலுக்காகப் பேனை எடுக்க ஒரு ஜேம்ஸ் இருந்தார். அடுத்த கூட்டத்தில் தகுதியுள்ள ஓர் இளைஞனின் பெயரை எழுந்து நின்று முன்மொழிய நம்மில் ஒருவராவது முன்வர வேண்டும். இன்ஷா அல்லாஹ், அதன் பலனை நம் ஊர்கள் காணும்.