வெறுங்கால் அணிக்கு ஒரு டாக்டர் கேப்டன்

குட்டீஸ்! 1948-ஆம் ஆண்டு நம் காரைக்காலில் எந்த நாட்டுக் கொடி பறந்தது தெரியுமா? பிரெஞ்சுக் கொடி! இந்தியா 1947-லேயே சுதந்திரம் பெற்றுவிட்டது. ஆனால், காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரான்சின் ஆட்சியில்தான் இருந்தது.

அந்த 1948-ல், ஜூலை 31 அன்று, லண்டன் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதே பிரான்சுடன் மோதியது. நம் அணியின் கேப்டன் ஒரு மருத்துவ மாணவர்! அவர்தான் தாலிமெரன் ஆவோ.

இன்றைய நாகாலாந்தில் உள்ள சாங்கி கிராமத்தில் 1918 ஜனவரி 28 அன்று பிறந்தார் ஆவோ. அப்பா கிறிஸ்தவப் போதகர். சிறு வயதில் கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டி, அதையே பந்தாக உதைத்து விளையாடினார். 1935-ல் அப்பா டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். மகன் டாக்டராகி, தங்கள் மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே அவரது ஆசை. அதை நிறைவேற்றுவது என்று ஆவோ முடிவு செய்தார்.

கவுகாத்தியில் காட்டன் கல்லூரியில் படித்தார். பிறகு கல்கத்தா சென்று கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே புகழ்பெற்ற மோகன் பகான் அணியில் இடம் கிடைத்தது. மைதானத்தின் நடுவில் நின்று, எதிரணி கொண்டுவரும் பந்தை மறித்துப் பறிப்பது அவர் வேலை. பறித்த பந்தை, கோல் அடிக்க ஓடும் தோழர்களிடம் சேர்ப்பார். அந்த அணிக்கே கேப்டனாகவும் உயர்ந்தார்.

சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக், லண்டன் ஒலிம்பிக்தான். தொடக்க விழாவில் நம் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவர் ஆவோதான்!

பிரான்சுக்கு எதிராக நம் வீரர்களில் பெரும்பாலோர் காலணி இல்லாமலே ஆடினர். பிரான்ஸ் முதல் கோல் அடித்தது. 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டார். ஆனால், கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. ஆட்டம் முடியும் நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட, 2-1 என இந்தியா தோற்றது. தோற்றாலும் வெறுங்கால் வீரர்களின் ஆட்டத்தை ரசிகர்கள் பாராட்டினார்கள்.

கேப்டன் பதவி, கைதட்டல், புகழ் எல்லாம் வந்த பிறகும் ஆவோ அப்பாவின் ஆசையை மறக்கவில்லை. 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். பந்தாட்டத்தை விட்டுவிட்டு, சொந்த மலைப்பகுதிக்கே திரும்பினார். கோஹிமா மருத்துவமனையில் டாக்டராகப் பணியாற்றினார். பின்னர் நாகாலாந்து மாநிலச் சுகாதாரத் துறை இயக்குநராகி, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13 அன்று மறைந்தார்.

அவர் நினைவாக 2018-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. விளையாட்டா, படிப்பா என்று வீட்டில் யாராவது கேட்டால், இரண்டிலும் ஜெயித்த இந்த டாக்டர் கேப்டனின் கதையைச் சொல்லுங்கள், குட்டீஸ்!