பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

1922ஆம் ஆண்டு எர்ணாகுளத்திற் பிறந்த இராமச்சந்திரன், 1952இற் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியரானார். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தை ஆராயலானார். கங்காருவின் வாற்றசைநாரில் எக்ஸ் கதிர் செலுத்தி, அப்புரதம் மும்முறுக்குக் கயிறு போன்றதெனக் கண்டு, கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். தென்னந்தும்பிற் கயிறு திரித்தலைக் கண்ட நம்மவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

கிரிக், ரிச் ஆகிய மேனாட்டறிஞர் அவ்வமைப்பிற் குறை கண்டனர். சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்பது அவர்தம் வாதம். புகழ்மிக்கோர் கூறிய குறை, தாங்குதல் எளிதன்று. இராமச்சந்திரனோ, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயப் புகுந்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரு கோணங்கள் உள. அவற்றுள் எவை இணைந்து நிற்கக்கூடும், எவை கூடா எனத் தம் மாணாக்கர் சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் கணித்து, 1963இல் ஐந்தே பக்கத்தில் வெளியிட்டார். அதுவே 'இராமச்சந்திரன் வரைபடம்'. எந்நாட்டார் புதிய புரத அமைப்பைக் கண்டாலும், அது பொருந்துமா என இதில் இட்டே பார்க்கின்றனர்.

ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை சுட்டினர் என்றெண்ணி அதன் மதிப்பை அளப்பது இக்கால வழக்கம். இவ்வளவுகோல் இங்கே சற்றுக் குறைபடும். பாடநூலேறிய இவ்வரைபடத்தின் பெயரை மட்டும் வழங்கி, மூலக் கட்டுரையைச் சுட்டாது விடுவோர் பலர்.

1977இல் இலண்டன் ராயல் சொஸைற்றி அவரை உறுப்பினராக்கிற்று. நோபெல் பரிசு கிட்டவில்லை. 2001இற் சென்னையிற் காலமானார்.