கண்ணுக்குள் வில்லை வைத்த ரிட்லி

கண்ணில் தூசு விழுந்தால் நாம் உடனே கசக்குகிறோம். சிராங்கூன் சாலையில் காற்றுக்குப் பறக்கும் புழுதியாயின் கண்ணீரே அதனைக் கழுவிவிடும். இரும்பு தேய்க்கும் பட்டறையிலும், தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்திலும் தெறிக்கும் துகளோ அத்தகையதன்று. அது விழியைத் துளைத்து உள்ளே தங்கிவிடக்கூடும். அவ்வேளையில் கசக்குவதும் பிடுங்க முயல்வதும் தவறு. கண்ணை அழுத்தாமல் மருத்துவமனைக்கு விரைதலே முறை. உள்ளே தங்கிய இரும்பு துருவேறிப் பார்வையைக் கெடுக்கும். செம்பு கடும் அழற்சியை மூட்டும். அயற்பொருள் எதனையும் கண் பொறுக்காது என்றே மருத்துவர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றிய ஹெரால்டு ரிட்லியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் 1906ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பிறந்தவர் ரிட்லி. தந்தையாரும் கண் மருத்துவரே. மைந்தரும் அத்துறையையே கற்று, இலண்டனில் செயின்ட் தாமஸ், மூர்ஃபீல்ட்ஸ் ஆகிய மருத்துவமனைகளில் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940 ஆகஸ்டில் கார்டன் கிளீவர் என்னும் விமானி ஓட்டிய ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டது. விமானியின் தலைக்கு மேலிருந்த பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் கூடு நொறுங்கி, அதன் சில்லுகள் அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தன. ஒரு கண் அறவே போயிற்று. மற்றொரு கண்ணில் சில்லுகள் அப்படியே தங்கியிருந்தும், நாளடைவில் அக்கண் சிவக்கவுமில்லை, வீங்கவுமில்லை. ரிட்லி இதனைக் கூர்ந்து நோக்கி மனத்தில் இருத்திக்கொண்டார்.

போர் அவரைக் கீழ்த்திசைக்கும் அழைத்து வந்தது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், போர்க்கைதிகள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்று அங்கே மாண்ட தமிழர் கதையை நம் இல்லத்துப் பெரியோர் அறிவர். மீண்டுவந்த கைதிகளுள் பலர் சத்துணவின்றிப் பார்வை மங்கியிருந்தனர். அவர்தம் கண்களை ஆராய்ந்து எழுதியவர்களுள் ரிட்லியும் ஒருவர்.

போர் முடிந்தது. அந்நாளில் கண்புரையை அகற்றுவர்; அகற்றிய வில்லைக்கு ஈடாகக் கண்ணினுள் எதுவும் வையார். நோயாளி தடித்த மூக்குக்கண்ணாடியுடன் காலந்தள்ள வேண்டியதுதான். அறுவையைக் கண்ட மாணவர் ஒருவர், எடுத்ததற்கு மாற்றாக வேறொன்றை வைப்பதில்லையா என வினவினாராம். மாணவச் செல்வங்களே, வினவத் தயங்காதீர்! அவ்வினா ரிட்லியை விடவில்லை. கிளீவரின் கண் நினைவுக்கு வந்தது. அதே இனப் பிளாஸ்டிக்கைத் தூயதாகச் செய்வித்து, சிறு வில்லையாகக் கடைந்து, 1949 நவம்பர் 29இல் ஒரு பெண்மணிக்கு அறுவை செய்யத் தொடங்கினார். வில்லை நிலையாகப் பொருத்தப்பட்டது 1950 பிப்ரவரி 8இல்.

1951இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் இதனை அறிவித்தபோது பாராட்டு எழவில்லை; எதிர்ப்பே எழுந்தது. எதிர்த்தவர்களை முற்றும் குறை கூறுவதும் நேர்மையன்று. சில வில்லைகள் இடம் நழுவின. வில்லையைத் தூய்மை செய்த மருந்துநீர் அதில் படிந்து அழற்சி விளைத்ததும் உண்டு. அக்குறைகள் ஒவ்வொன்றாய்க் களையப்பட ஆண்டுகள் பல சென்றன. ரிட்லி மனமுடைந்தவராகவே 1971இல் ஓய்வு பெற்றார்.

பின்னர் உலகம் திரும்பிப் பார்த்தது. 1986இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 2000இல் சர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு மே 25இல் மறைந்தார். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992 முதல் இவ்வில்லைகள் குறைந்த விலையில் செய்யப்பட்டு ஏழையர்க்கும் எட்டின. நம் சிங்கப்பூரிலும், 1990இல் திறக்கப்பட்ட தேசியக் கண் நிலையத்தில் பாட்டிமார் எத்தனையோ பேர் இவ்வில்லையுடன் வீடு திரும்பியுள்ளனர்.

முதுமையில் ரிட்லியின் இரு கண்களிலும் புரை படர்ந்தது. தாம் பணியாற்றிய செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலேயே வில்லை பொருத்திக்கொண்டார். விமானி கிளீவருக்கும் எஞ்சிய கண்ணில் பிற்காலத்தில் புரை வந்தது. சில்லுகளைச் சுமந்த அக்கண்ணிலும் ஒரு வில்லை வைக்கப்பட்டது.