ஒன்றே குறிக்கோளாய் வாழ்ந்த சுவாமி சகஜானந்தர்

முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1993 முதல் கடலூர் மாவட்டமாக விளங்கும் நம் பகுதியில், ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் சிதம்பரம் நந்தனார் பள்ளியைக் குறிப்பிடாமல் ஓர் அடியும் எடுத்து வைத்தல் இயலாது. அப்பள்ளியைத் தோற்றுவித்த சுவாமி சகஜானந்தரின் வாழ்வை, நம் கழகத்தின் வெள்ளிவிழா மலர் வாயிலாக இளைஞர்களுக்கு எடுத்துரைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் 27-1-1890 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் நடத்திய பள்ளியில் பயின்றார். நம் மக்களுக்குக் கல்விக் கதவைத் திறந்துவிட்டவர்களுள் கிறித்தவத் தொண்டர்கள் முதன்மையானோர் என்பதை நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும், மதம் மாற வேண்டும் என்ற விருப்பம் அவர்பால் தெரிவிக்கப்பட்டபோது அவர் உள்ளம் ஒப்பவில்லை. ஒருபுறம் உணவும் உறைவிடமும் கல்வியும். மறுபுறம் தம் மனச்சான்று. அவர் மனச்சான்றைத் தேர்ந்தார். பள்ளியை விட்டு நீங்கினார். நிபந்தனையின்றி நம் பிள்ளைகள் பயில ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணம் அன்றே வித்தூன்றியிருக்கும் என்று கருத இடமுண்டு.

பின்னர்க் கோலார் தங்கவயலில் சிலகாலம் இருந்தார். அதன்பின் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து மாணாக்கரானார். கரபாத்திரம் என்பதற்குக் கையே பாத்திரம் என்பது பொருள். பிச்சையேற்க ஓடு கூட வேண்டாம், கையே போதும் என்று வாழும் துறவுநெறி அது. அந்த எளிமையின் நிழலில் முனுசாமி, சகஜானந்தர் ஆனார். 1910-இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

அன்றைய சிதம்பரத்தில் ஆலயக் கதவு நம் மக்களுக்கு அடைத்திருந்தது. கல்விக் கதவும் ஏறக்குறைய அவ்வாறே. நந்தனார் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஓமக்குளத்தருகே அவர் மடம் அமைத்தார். துறவிக்குத் தம் முத்தி ஒன்றே போதுமானது. அவரோ 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளியைத் தொடங்கினார். பண்ணை வேலைக்கும் மாடு மேய்க்கவும் அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் மட்டும் போதாது. வயிறு காய்ந்தால் பாடம் ஏறாது. ஆகவே பள்ளியோடு உணவும் விடுதியும் சேர்ந்தே வளர்ந்தன. அதற்காகப் பலரையும் நாடிக் கொடை பெற்றார். தமக்கென ஒன்றும் வேண்டாதவர் பிறர்பொருட்டுக் கையேந்தினார்!

பெருமைகளும் அவரை நாடி வந்தன. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராக வீற்றிருந்தார். 1927-இல் காந்தியடிகள் சிதம்பரம் வந்து நந்தனார் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் பிறந்தது. ஆலய உரிமைக்காகவும் நில உரிமைக்காகவும் அவர் குரல் கொடுத்தார். ஆயினும் எங்குச் சென்றாலும் அவர் திரும்பி வந்த இடம் பள்ளியே. மணம் புரியவில்லை, பொருள் சேர்க்கவில்லை. பதவியும் புகழும் பள்ளிக்குத் துணையாகும் அளவிலேயே அவருக்குப் பயன்பட்டன. 1-5-1959 அன்று மறைந்தார். அப்பள்ளி வளாகமே அவருக்கு ஓய்விடமாயிற்று. இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகள் நந்தனார் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? எல்லோரும் காவி உடுத்த வேண்டும் என்பதன்று. எது முதன்மையோ அதை முதலில் வைத்தல் என்பதே. முப்பதாண்டுகளாக வகுப்பறையில் நின்று நாம் கண்டதைச் சொல்லுகிறோம். காதணி விழாவுக்கு வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பம், பந்தலும் பதாகையும் எழுப்பிய பின், மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறி நிற்கும்போது கல்லூரிக் கட்டணத்துக்குக் கைவிரித்து நிற்கிறது. மகன் திருப்பூருக்கு வேலைக்குப் புறப்படுகிறான். ஊராரின் ஒருநாள் பாராட்டுக்காக ஒரு தலைமுறையின் வாழ்வை விலையாகக் கொடுக்கிறோம். வறுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லித் தப்பிக்க இயலாது. வரிசை பிழைத்ததும் காரணமே.

இளைஞர்களே! ஆண்டுத் தொடக்கத்தில் வீட்டுச் செலவுக் கணக்கை எழுதுங்கள். முதல் வரியில் தம்பி தங்கையரின் படிப்பை எழுதுங்கள். அதற்கான தொகையைத் தனியே எடுத்து வைத்தபின் மற்றவற்றை எழுதுங்கள். எவை அடிபட்டுப் போகின்றனவோ, அவை அடிபட்டுப் போகத்தக்கவையே. ஓமக்குளத்துத் துறவி தம் வாழ்க்கைக் கணக்கை இப்படித்தான் எழுதினார்.