ஒளியைப் பார்த்துக் கற்றவர்

படம் வரையப் பழகத் தொடங்கிய புதிதில் எனக்குக் கோடு ஓரளவு வந்தது; நிழல் வரவில்லை. வேளாங்கண்ணியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அப்பாயியை உட்கார வைத்து வரைந்தேன். கன்னத்தில் பென்சிலை அழுத்தித் தீட்டி, விரலால் தேய்த்தேன். அப்பாயிக்குத் தாடி முளைத்துவிட்டது! வீடே சிரித்தது. அப்பாயி மட்டும் சிரிக்கவில்லை. குடும்ப அட்டையில் இருப்பதைத் தவிர அவருக்கு வேறு படமே கிடையாது. நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அதை மீண்டும் திறக்கச் செய்தவரை நம் கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தில் கண்டேன். அவர்தான் ராஜா ரவிவர்மா.

1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் அவர் பிறந்தார். சிறு வயதில் வீட்டுச் சுவர்களில் கரித்துண்டால் படம் போட்டார். அதைக் கண்ட தாய்மாமன் ராஜராஜ வர்மா கடிந்துகொள்ளாமல் கற்பிக்கத் தொடங்கினார். மாமன் அறிந்திருந்தது நம் தஞ்சாவூர்ப் பாணி. அந்த ஓவியங்களில் பொன் தகடும் கற்களும் மின்னும். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருள் என்று உருவத்தைத் திரட்டிக் காட்டுவது அங்கே முதன்மையன்று. அது குறையன்று, வேறு வழி.

1862இல், பதினான்கு வயதில், திருவனந்தபுரத்தில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்றார். எண்ணெய் வண்ணம் கற்க ஆசை. ஆனால் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார். அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்து உதவினார் என்பர். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் சொல்லவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். பார்த்ததையெல்லாம் தம் கையால் திரும்பத் திரும்பச் செய்து பழகினார் ரவிவர்மா. 1873இல் சென்னைக் கண்காட்சியிலும் வியன்னாக் கண்காட்சியிலும் பரிசுகள் பெற்றார். 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். அரண்மனைச் சுவரில் தொங்கியவை ஏழை எளியவர் வீட்டுச் சுவருக்கும் வந்தன. 1906 அக்டோபர் 2 அன்று மறைந்தார்.

கதவு அடைபட்டபோதும் அவர் கண்ணை மூடவில்லை. நானோ ஒரு சிரிப்புக்கே நோட்டை மூடியவன்!

ஓர் இரவு மின்சாரம் போயிற்று. மெழுகுவத்திக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஒன்றை அப்பாயியின் வலப்புறம் ஏற்றி வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நெற்றியில் முழு வெளிச்சம், கன்னம் திரும்பும் இடத்தில் மெல்ல மங்கல், அதற்கப்பால் இருள். ஆனால் தாடை ஓரம் முழு இருட்டாயில்லை. வெள்ளைச் சேலையில் பட்ட ஒளி திரும்பி வந்து அங்கே இலேசாகப் படிந்திருந்தது! அந்த ஓரத்தையும் நான் கறுப்பாக்கியதால்தான் தாடி முளைத்தது.

மறுபடி வரைந்தேன். நெற்றியில் வெறும் காகிதத்தை அப்படியே விட்டேன். நிழலை அழுத்தாமல், மேலுக்கு மேலாக மெல்லிய கோடுகளால் ஏற்றினேன். விரலால் தேய்க்கவில்லை.

அப்பாயி படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தம் கன்னத்தைத் தடவிக்கொண்டார். மூக்குதான் இன்னும் சரியில்லையாம். நண்பர்களே, அதையும் பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.