டார்போல்டன் லாட்ஜும் கவி பர்ன்ஸும்

ஏர் பிடித்த கையால் எழுதுகோலையும் பிடித்துப் புகழெய்திய புலவர் உலகில் சிலரே. அச்சிலருள் ஸ்காட்லாந்து தேசத்துக் கவியாகிய ராபர்ட் பர்ன்ஸ் முதன்மையானவர். அவருடைய பாடல்கள் சிலவற்றை நம்மிற் பலர் கற்றிருக்கிறோம். பிரிவுபசாரக் கூட்டங்களின் முடிவில் கைகோத்துப் பாடப்பெறும் ஆல்ட் லாங் சைன் என்ற பாட்டு, பழம்பாட்டொன்றை அவர் புதுக்கி உலகிற்கு அளித்ததேயாகும். எனினும், ஒரு சிற்றூரிலிருந்த பிரீமேசன் சங்கத்தை அவர் சில ஆண்டுகள் முன்னின்று நடத்தினார் என்பதும், அச்சங்கம் அவரது வாழ்வில் எவ்வளவு பங்கு கொண்டது என்பதும் நம்மவருட் பலர் அறியாதன. ஆதலின் அவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பர்ன்ஸ் 1759-ம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ந் தேதி எயர்ஷயர் மாகாணத்திலுள்ள அல்லோவே என்னும் ஊரில், மண்சுவர் வைத்த சிறு வீடொன்றிற் பிறந்தார். தந்தை வில்லியம், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட குடியானவர். வறியவராயினும் கல்வியைப் பெரிதும் மதித்தவர். அயலார் சிலரோடு கூடிப் பொருள் சேர்த்து ஓர் உபாத்தியாயரை அமர்த்தித் தம் மக்களுக்குக் கல்வி புகட்டினார். ஆயினும் இளமை கடவாமுன்னரே ராபர்ட் ஆண்மக்களுக்குரிய முழு வேலையையும் வயலிற் செய்ய வேண்டியதாயிற்று. அந்நாளில் நேர்ந்த அளவுமீறிய உழைப்பே பிற்காலத்தில் அவர் தேகநிலை குலைந்தமைக்குக் காரணமென்று பலரும் கருதுகின்றனர்.

1777-ம் ஆண்டில் அக்குடும்பத்தார் டார்போல்டன் என்னும் சிற்றூருக்கு அண்மையிலுள்ள லாக்லிப் பண்ணைக்குக் குடியேறினர். அங்கே 1780-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பர்ன்ஸும் தோழர் சிலரும் கூடிப் பிரமசாரிகள் சங்கம் என்ற ஒரு வாதசபையை நிறுவினர். பகலெல்லாம் கழனியில் உழைத்த வாலிபர்கள் குறித்த இரவுகளிற் கூடி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இரு கட்சியாய்ப் பிரிந்து வாதிப்பர். முதற் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் பர்ன்ஸே. அவர்கள் கூடிய வீடு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கல்லூரி வாயிலையே காணாத அவ்விளைஞருக்கு அவ்வீட்டின் மாடி அறையே கல்லூரியாயிற்று என்னலாம்.

இனி, பிரீமேசன் சங்கத்தைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். ஆதியில் கோயில்களையும் கோட்டைகளையும் கட்டிய கல்தச்சர்கள் தம் தொழில் மறைகளைக் காக்கவும், தம்முள் நலிந்தோரைத் தாங்கவும் கூட்டங்களாய் அமைந்தனர். நாளடைவில் அத்தொழிலிற் சேராத பிறரும் அக்கூட்டங்களிற் சேர்க்கப்பட்டனர். மூலமட்டமும் கவராயமும் கட்டடக் கருவிகளாய் இருந்த நிலைமாறி ஒழுக்கத்தின் அடையாளங்களாயின. இங்கிலாந்தில் 1717-ம் ஆண்டிலும், ஸ்காட்லாந்தில் 1736-ம் ஆண்டிலும் இவற்றிற்குத் தலைமைச் சபைகள் ஏற்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் உள்ள கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். பயிலுநர், தோழர், ஆசிரியர் என்னும் மூன்று படிகள் அதில் உண்டு. கடவுள் நம்பிக்கையும் தருமமும் அதன் அடிப்படை விதிகள். லாட்ஜினுள் புகுந்தோர், பிரபுவாயினும் குடியானவராயினும், ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைத்தல் வேண்டும் என்பதே நாம் கருதற்பாலதாய முக்கிய விதியாகும்.

டார்போல்டன் சிற்றூரேயாயினும் அதன் மேசன்களுக்குள் பிணக்குகளுக்குக் குறைவில்லை. கில்வின்னிங்கிலுள்ள பழைய தாய் லாட்ஜினிடம் 1771-ம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்று அங்கே ஒரு லாட்ஜ் தோன்றிற்று. அதுவே செயிண்ட் ஜேம்ஸ் லாட்ஜ். சில ஆண்டுகளுள் உறுப்பினரிற் சிலர் பிரிந்துபோய்ச் செயிண்ட் டேவிட் என்ற பெயரால் வேறொன்றை நிறுவினர். 1781-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டும் மீண்டும் ஒன்றாய் இணைந்தன. அடுத்த மாதம் 4-ந் தேதி, இருபத்திரண்டு வயதினராகிய ராபர்ட் பர்ன்ஸ் அதிற் பயிலுநராய்ச் சேர்க்கப்பட்டார். அக்டோபர் முதல் தேதியில் ஏனைய இரு படிகளும் அவருக்கு அளிக்கப்பட்டன. ஓராண்டு கழிவதற்குள் ஒற்றுமை மீண்டும் குலைந்தது. 1782-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் செயிண்ட் ஜேம்ஸ் கட்சியார் தனியே பிரிந்தபோது பர்ன்ஸ் அவர்களோடு சென்றார்.

இவ்வாண்டுகள் அவருக்குத் துன்பமே நிறைந்தனவாய் இருந்தன. ஆளிச்செடி நாரைப் பதனிடுந் தொழிலைக் கற்க இர்வின் பட்டணத்திற்குச் சென்றார். புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. நிலச் சொந்தக்காரரோடு நேர்ந்த வழக்கினால் மனமுடைந்த தந்தையார் 1784-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்திற் காலமானார். குடும்பப் பாரம் ராபர்ட்டின் தோள்மேலும் தம்பி கில்பர்ட்டின் தோள்மேலும் வீழ்ந்தது. மாக்லின் ஊருக்கு அருகிலுள்ள மாஸ்கீல் பண்ணைக்கு அவர்கள் குடிபெயர்ந்தனர். அதே ஆண்டு ஜூலை மாதம் 27-ந் தேதி செயிண்ட் ஜேம்ஸ் லாட்ஜார் பர்ன்ஸைத் தங்கள் உபதலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

இத்தேர்தலின் உட்பொருள் நாம் உன்னற்பாலது. தலைவர் பதவி பெரும்பாலும் அப்பக்கத்து நிலப்பிரபுக்களுக்கே உரியதாயிருந்தது. பாலக்மைல் பண்ணைக்குரியவராகிய சர் ஜான் ஒயிட்போர்டும், எக்ளின்டன் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த காப்டன் ஜேம்ஸ் மாண்ட்கோமரியும் அப்பதவியை வகித்தனர். அத்தகையோர் வாராத வேளைகளில் நாற்காலியில் அமர்ந்து சபையை நடத்தும் கடமை உபதலைவருடையது. ஆகவே, நிலமும் பட்டமும் இல்லாத ஓர் ஏழைக் குத்தகைக்காரர், தம்மினும் செல்வமும் குலமும் மிக்காரை ஆளும் இடத்தை நான்காண்டு காலம் வகித்தார். அக்காலத்து ஸ்காட்லாந்தில் இது வேறெங்கும் அவருக்குக் கிட்டக்கூடிய பெருமையன்று. நடவடிக்கைப் புத்தகத்தில் அவரது கையொப்பம் பலவிடங்களிற் காணப்படுகிறது. சில பக்கங்கள் அவர் கையாலேயே எழுதப்பட்டவை.

அவர் அப்பதவியை வெறும் அலங்காரமாகக் கொள்ளவில்லை. லாட்ஜின் பொருள்நிலை குறித்துச் சர் ஜான் ஒயிட்போர்டுக்கு எழுதிய கடிதமொன்று அவருடைய கடிதத் தொகுப்பிற் சேர்க்கப்பட்டுள்ளது. கடன்சீட்டு எழுதிக்கொடுத்த பலர் பணத்தைத் திருப்பவில்லை என்றும், ஆண்டுச் சந்தாவை அநேகர் மறந்தே விட்டனர் என்றும், இவ்வண்ணம் சென்றால் நலிந்தோருக்கு உதவுவதற்கென்று ஏற்பட்ட நிதி அழிந்தொழியும் என்றும் அக்கடிதம் முறையிடுகிறது. நோயாலும் முதுமையாலும் சகோதரர் ஒருவர் வீழ்ந்துபட்டால் அவர் குடும்பத்தைத் தாங்குவதற்கு அந்நிதியன்றி வேறு துணை அந்நாளில் அரிது. வறுமையை நேரில் அறிந்தவராதலின், சந்தா என்பது வெறுங்கணக்கன்று, ஏழையின் உணவு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

லாட்ஜிலிருந்து ஒரு சிறந்த நகைச்சுவைப் பாட்டும் பிறந்தது. டார்போல்டன் பள்ளி ஆசிரியராகிய ஜான் வில்சன் என்பவர் செயிண்ட் ஜேம்ஸ் லாட்ஜின் காரியதரிசியாகவும் இருந்தார். சிறு மளிகைக் கடை ஒன்றும் வைத்து அதில் மருந்துகளும் விற்று, வைத்தியம் அறிந்தவர்போல் பேசிக்கொள்வது அவர் வழக்கம். 1785-ம் ஆண்டில் ஒரு லாட்ஜ் கூட்டத்தில் அவர் தம் வைத்தியப் புலமையை மிகுதியும் பாராட்டிக்கொள்ள, வீடு திரும்பும் வழியில் பர்ன்ஸின் உள்ளத்தில் அக்கவிதை உருவாயிற்று என்பர். இரவில் வழியிடையே கூற்றுவன் கவியைச் சந்தித்து, இந்தப் போலி வைத்தியர் தன் தொழிலைக் கவர்ந்துகொண்டார் என்று குறைகூறுவதாக அது அமைந்துள்ளது. வில்சன் பின்னர்க் கிளாஸ்கோ நகரஞ் சென்று ஆசிரியராய் நல்வாழ்வு வாழ்ந்தார்.

1786-ம் ஆண்டில் பர்ன்ஸின் வாழ்வு நெருக்கடியான ஒரு கட்டத்தை அடைந்தது. பண்ணையில் நஷ்டம், மாக்லினில் கட்டட வேலை செய்த ஜேம்ஸ் ஆர்மர் என்பவர் தம் மகள் ஜீனை அவருக்கு மணமுடித்துத்தர மறுத்துவிட்டார். மனங்கசந்த கவி ஜமேக்கா தீவிலுள்ள கரும்புத் தோட்டமொன்றிற் கணக்கர் வேலையை ஏற்றுக்கொள்ளத் துணிந்தார். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்களை வேலைவாங்குதலும் அவ்வுத்தியோகத்தில் அடங்கும். மனித சகோதரத்துவத்தைப் பாடிய நாவினர், சகோதரன் என்ற சொல்லையே லாட்ஜில் வழங்கியவர், இப்பணிக்கு எவ்வாறு இசைந்தார் என்று நாம் திகைக்கிறோம். வறுமை இதற்கு ஒரு விளக்கமாகுமேயன்றி நியாயமாகாது. லாட்ஜின் சகோதரத்துவத்திற்கும் அக்காலத்தில் எல்லை இருந்தது. அடிமைகளும் பெண்டிரும் அதன் வாயிலுக்குப் புறத்தேயே நின்றனர். இதை மறைத்துக் கவியைப் போற்றுதல் உண்மையைப் போற்றுதலாகாது.

கப்பற் கூலிக்குப் பொருள் தேடவும், போகுமுன் தம் பெயரை நாட்டில் நிறுத்தவும் அவர் தம் பாடல்களை அச்சிட எண்ணினார். அவ்வேளையில் மேசன் நண்பர்கள் அவருக்குப் பெருந்துணையாயினர். மாக்லின் வழக்கறிஞரும் செயிண்ட் ஜேம்ஸ் லாட்ஜின் உறுப்பினருமாகிய கவின் ஹாமில்டன் முன்பணம் கட்டுவோரைத் திரட்டினார். அவருக்கே நூல் உரிமையாக்கப்பட்டது. கில்மார்னக்கில் மற்றொரு ஜான் வில்சன் அதை அச்சிட்டார். 1786-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி வெளிவந்த அந்நூலில் 612 பிரதிகள் அச்சிடப்பட்டன. விலை மூன்று ஷில்லிங். சில வாரங்களில் அவை யாவும் செலவாயின. தம் லாட்ஜ் சகோதரர்களிடம் விடைபெறுவதாகப் பாடிய பாட்டொன்றும் அந்நூலில் உண்டு. அது ஜமேக்காவுக்குப் புறப்பட எண்ணிய ஒருவரின் பிரியாவிடை. ஆனால் அப்பயணம் நிகழவில்லை. நூலின் புகழ் எடின்பரோவை எட்டியது. ஆங்கு வாழ்ந்த கண்ணில்லாக் கவியாகிய டாக்டர் பிளாக்லாக் என்பவரின் பாராட்டுக் கடிதம் பர்ன்ஸை மனமாறச் செய்தது. நவம்பர் மாத இறுதியில் அவர் தலைநகரை அடைந்தார்.

முன்பின் அறியாத அந்நகரில் அவருக்குக் கதவுகளைத் திறந்தவர்களிற் பலர் மேசன்களே. டால்ரிம்பிள் என்ற நண்பர் வாயிலாகக் கிளென்கேர்ன் பிரபுவின் ஆதரவு கிடைத்தது. 1787-ம் ஆண்டு ஜனவரியில் ஸ்காட்லாந்தின் தலைமை மேசன் வந்திருந்த ஒரு கூட்டத்தில், நாட்டையும் நாட்டின் கவியையும் ஒருங்கே வாழ்த்தி யாவரும் முழங்கினர். அதனை எதிர்பாராத பர்ன்ஸ் நடுங்கியவாறே எழுந்து நன்றி கூறினார். பிப்ரவரி முதல் தேதி கானன்கேட் கில்வின்னிங் லாட்ஜ் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. மார்ச்சு மாதத்தில் அதே லாட்ஜ் அவருக்கு ஆஸ்தானகவி முடி சூட்டியதாக ஒரு கதை உலவுகிறது. பிற்காலத்து ஓவியம் ஒன்றும் அக்காட்சியைச் சித்திரிக்கிறது. ஆனால் அம்மாதத்து நடவடிக்கைக் குறிப்பில் அத்தகைய செய்தி ஒன்றும் இல்லை. ஆதலின் நாம் அதைப் பழங்கதையாகவே கொள்ளுதல் தகும். ஏப்ரலில் எடின்பரோப் பதிப்பு வெளிவந்தது.

பிரபுக்களின் விருந்துகளால் அவர் மயங்கிவிடவில்லை. 1787-ம் ஆண்டுக் கோடையில் மாக்லினில் நிகழ்ந்த லாட்ஜ் கூட்டமொன்றில் பர்ன்ஸ் தலைமை வகித்ததை, எடின்பரோ சர்வகலாசாலைத் தத்துவப் பேராசிரியராகிய துகால்ட் ஸ்டூவர்ட் நேரிற் கண்டார். வந்திருந்த பலருக்கும் அவரவர்க்கேற்ற புகழுரையை முன்னேற்பாடின்றியே கவி அழகாகக் கூறினார் என்று அப்பேராசிரியர் பின்னர்க் குறித்து வைத்தார். பர்ன்ஸின் இயற்கை மேதையோடு, வாதசபையிலும் லாட்ஜிலும் பெற்ற பயிற்சியும் அச்சொல்வன்மையிற் கலந்திருந்தது என்று நாம் துணியலாம்.

பின்னர் அவர் ஜீன் ஆர்மரை மணந்து, எல்லிஸ்லாந்துப் பண்ணையிற் குடியேறி, 1789-ம் ஆண்டில் சுங்க உத்தியோகம் ஏற்றார். 1791-ல் டம்ப்ரீஸ் நகரிற் குடிபுகுந்தார். அங்கேயும் செயிண்ட் ஆண்ட்ரூ லாட்ஜில் ஊக்கத்துடன் பங்குகொண்டார். பிரெஞ்சுப் புரட்சியின் எதிரொலியால் பிரிட்டிஷ் அரசாங்கம் அஞ்சிய காலம் அது. சமத்துவம் பேசுவோர் யாவரும் சந்தேகத்திற்கு ஆளாயினர். 1792-ம் ஆண்டு இறுதியில் பர்ன்ஸின் இராஜவிசுவாசத்தைக் குறித்து மேலதிகாரிகள் விசாரணை தொடங்கினர். மனைவி மக்களின் உணவே பறிபோகுமோ என்று அவர் கலங்கினார். ஏறக்குறைய அதே நாட்களில்தான் டம்ப்ரீஸ் லாட்ஜார் அவரை மூத்த காவலர் என்னும் பதவிக்குத் தேர்ந்தெடுத்தனர். உத்தியோகமும் தப்பியது. 1795-ம் ஆண்டில், பட்டமும் பதவியும் நாணயத்தின்மேற் பொறித்த முத்திரை போன்றன, மனிதனே பொன் என்ற கருத்தமைந்த புகழ்பெற்ற பாட்டை இயற்றினார். அடுத்த ஆண்டு ஜூலை மாதம் 21-ந் தேதி, முப்பத்தேழாம் வயதில், நோயுற்று உயிர்நீத்தார்.

1820-ம் ஆண்டு அவர் பிறந்த நாளன்று, அல்லோவேயில் அவருக்கு நினைவு மண்டபம் எழுப்ப மேசன்கள் தம் முறைப்படி அடிக்கல் நாட்டினர். டார்போல்டன் லாட்ஜைப் பற்றி உலகம் இன்று அறிவது அந்த உபதலைவராலேயே. ஆயினும் கடன் முழுவதும் ஒரு பக்கத்தது அன்று. லாட்ஜ் அவருக்குக் கவித்துவத்தை அளிக்கவில்லை. அஃது அவருடன் பிறந்தது. அது அளித்தது வேறொன்று: தாழ்ந்த நிலையிற் பிறந்த ஒருவர் தலைநிமிர்ந்து நின்று பெரியோரோடு சமமாய்ப் பேசுவதற்கு ஓரிடம். பாட்டிற் பாடிய சமத்துவத்தை அவர் முதலில் அனுபவித்துப் பார்த்தது அச்சிற்றூர் அறையிலேதான்.

நம் கல்லூரிகளிலும் வாதசபைகளும் மாணவர் சங்கங்களும் உள்ளன. பல வேளைகளில் அவற்றைப் பொழுதுபோக்காகவே நாம் கருதிவிடுகிறோம். அங்கே நம் அருகில் அமரும் எளிய மாணவன் ஒருவனுக்கு வாழ்நாளில் முதன்முறையாகத் தலைநிமிரும் இடம் அதுவாகவே இருத்தல் கூடும். அவ்விடத்தை அவனுக்கு மறுக்காதிருத்தலும், பர்ன்ஸின் காலத்து லாட்ஜ் மூடிவைத்த வாயில்களை நாம் திறந்துவைத்தலும் நம் கடமையாகும்.