கணக்கெடுத்த கருணை

நோயாளியினிடத்தில் இரக்கமும் பொறுமையும் இருந்துவிட்டால் தாதித் தொழிலுக்கு வேறொன்றும் வேண்டுவதில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவ்வெண்ணம் பிழையென்பதைத் தம் வாழ்க்கையாலேயே நிரூபித்தவர் புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். விளக்கேந்திய மாது என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவ்விளக்கைக் காட்டிலும் அவர் கையிலிருந்த கணக்கேடே அதிக உயிர்களைக் காத்தது என்பது நம் துணிபு.

1820-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி, இத்தாலியிலுள்ள புளோரென்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில் அம்மையார் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் அவருக்குப் பேரவா. ஆஸ்பத்திரித் தாதியின் வேலை அக்காலத்தில் இழிவாகக் கருதப்பட்டமையால், அதை மேற்கொள்ளப் பெற்றோர் இசையவில்லை. பல்லாண்டு பொறுத்திருந்து, 1851-ல் ஜெர்மனியிலுள்ள கைஸர்ஸ்வெர்த்தில் சில மாதம் பயிற்சி பெற்றார்.

1854-ல், கிரிமிய யுத்தத்தின்போது, 38 தாதியருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குச் சென்றார். இரவு பகலாக உழைத்தும் மரணம் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் 100-க்கு 42 பேர் வீதம் மாண்டனர். மார்ச்சு மாதம் சுகாதாரக் கமிஷனார் வந்து, சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி வகுத்த பின்னரே மரணம் விரைந்து தணிந்தது.

1856-ல் தாயகம் திரும்பிய அம்மையாரைப் புகழ்மாலைகள் காத்திருந்தன. அவரோ, புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார் என்பவரின் துணையுடன் மரணக் கணக்குகளை ஆராய முற்பட்டார். உணவுக் குறைவும் களைப்புமே காரணமென்று முன்னர் எண்ணியிருந்தவர், தாம் பணிபுரிந்த ஆஸ்பத்திரியின் அசுத்தமே பெரும்பாலோரைக் கொன்றது எனத் தெளிந்தார். அவ்வுண்மை தமக்கும் பெரும் வேதனை தரத்தக்கதென்று அறிந்தும் அதை மறைத்தாரில்லை. கணக்குகளை யாவரும் உணருமாறு வண்ணப் படங்களாக வரைந்து அதிகாரிகள் முன் வைத்தார். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை முதல் பெண் அங்கத்தினராக ஏற்றது.

பொதுஜனங்கள் அவர் பெயரால் திரட்டிய சுமார் 45,000 பவுன் நிதியைக் கொண்டு, 1860-ல் லண்டன் ஸெயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. மாணவியர் வார்டுகளில் வேலை பழகியதோடு, வைத்தியர்களிடம் பாடமும் கேட்டனர். ஒவ்வொருவரின் தேர்ச்சியும் ஏட்டில் பதியப்பட்டது. அங்கு தேர்ந்தவர்கள் ஆஸ்திரேலியா முதலிய தேசங்களுக்கும் சென்று இப்பயிற்சி முறையைப் பரப்பினர்.

நம் தேசத்தை அம்மையார் ஒருபோதும் கண்டதில்லை. ஆயினும் இந்தியத் துருப்புகளின் சுகாதாரம் பற்றிய ராயல் கமிஷனுக்காக, பாசறைகளிலிருந்து வந்த விவரங்களைக் குவியல் குவியலாக ஆராய்ந்தார். வெள்ளைச் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் மடிந்ததை 1863-ல் வெளியான அறிக்கை காட்டிற்று. சிப்பாய்களோடு அவர் கவலை நிற்கவில்லை. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக் குடியானவர்கள் லட்சக்கணக்கில் மாண்டபோது, நீர்ப்பாசனமும் கிராம சுகாதாரமும் வேண்டுமென்று தம் நாட்டாரிடம் வாதாடினார். ஆளும் இனத்தில் பிறந்தும், எண்கள் உரைத்த உண்மைக்கு அவர் கண்களை மூடிக்கொள்ளவில்லை.

1910 ஆகஸ்டு 13-ல், தமது 90-வது வயதில், அம்மையார் காலமானார். அவர் பிறந்த நாளை உலகம் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறது. அன்று தாதியரைத் தெய்வமென்று புகழ்ந்துவிட்டு, மறுநாள் அவர்களை ஏவலாளராக நடத்துவது அம்மையாருக்குச் செய்யும் மரியாதையாகாது. நம் தாதியர் கல்லூரிகளில் பயிலும் இளைஞர், பணிவிடையைக் கற்பதுடன், எது நோயாளியைப் பிழைப்பிக்கிறது, எது கொல்கிறது என்று கணக்கெடுத்து ஆராயவும் கற்கவேண்டும். அவ்வாராய்ச்சி கூறுவதைக் கேட்க வைத்தியரும் சர்க்காரும் செவி சாய்க்கவேண்டும். இரக்கத்துக்குக் கண் கொடுப்பது அறிவே.